பழைய பெயர் யாருக்குச் சொந்தம்?

நம் பங்கு வாலிபர் சங்கத்தார் அண்டைப் பங்கோடு கால்பந்து ஆடுவதற்காகத் தெரிந்தெடுத்த பெயர்ப்பட்டியலைக் கோயில் வாசல் பலகையில் பலரும் பார்த்திருப்பீர்கள். ஆடுகிறவர் பதினொருவர், மாற்றாட்கள் மூவர், ஆகப் பதினான்கு பெயர். அதை எழுதியவன் அடியேன்தான். எழுதத் தொடங்கியபோது அதில் பதினைந்தாவதாக ஒரு பெயர் இருந்தது. அதை அடித்தவனும் அடியேன்தான்.

பையனுக்கு வயது பதினேழு. பந்து எங்கே வரும் என்று அது வருமுன்னே அறிந்து போய் நிற்கிற கால் அவனுடையது. அவனை ஏன் விட்டேன்? பட்டியல் எழுதுகிறபோது பக்கத்தில் இருந்த ஒருவர், "அவனா? பழைய சங்கதி தெரியாதா சார்?" என்று மெல்லக் கேட்டார். தெரியும். நான்கு வருஷத்துக்கு முன், சிறுவனாயிருந்தபோது, மெழுகுதிரிப் பெட்டியில் விழுந்த காசிலிருந்து கொஞ்சம் எடுத்துவிட்டான். இரண்டாம் நாளே தாயைக் கூட்டிக்கொண்டு சுவாமியாரிடம் வந்து, ஒப்புக்கொண்டு, எடுத்ததைத் திருப்பிக் கொடுத்தான். அதன்பின் அவனைப் பற்றி ஒரு குறையும் கேட்டதில்லை. ஆனாலும், "வெளியூருக்குப் போகிற இடத்தில் நமக்கு ஏன் வம்பு?" என்று எண்ணி, கோடு போட்டுவிட்டேன். பேனா முனைக்கு அது ஒரு நொடி வேலை.

(இதை எழுதலாமா என்று அவனிடமே கேட்டேன். "எழுதுங்க சார், பேர் மட்டும் வேண்டாம்" என்றான். யாரென்று தேட வேண்டாம் என்று வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறேன். அடையாளங்கள் சிலவற்றை மாற்றியே எழுதியிருக்கிறேன்.)

ஆட்டத்தன்று நாம் மூன்று கோல் வாங்கியது ஒரு புறம் இருக்கட்டும். மறுநாள் அவன் வீட்டுக்குப் போனேன். அவன் ஒன்றும் சொல்லவில்லை. தாய்தான் வாசலில் நின்றுகொண்டு கேட்டாள்: "அது எந்த வருஷத்தோட முடியும் சார்?"

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. வீடு திரும்பி, இரண்டு மூன்று வாரமாக அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். இளமையில் ஒருவனுக்குக் கிடைத்த பெயர், நல்லதோ கெட்டதோ, எவ்வளவு காலம் செல்லும்? அதை வைத்து அவனைத் தீர்மானிக்க மற்றவர்களுக்கு என்ன உரிமை?

முதலில் நல்ல பெயரை எடுத்துக்கொள்வோம். அதிலும் ஒரு கால்பந்துப் பட்டியலிலிருந்தே தொடங்கலாம்.

1937-ம் ஆண்டு நம் தாம்பரத்துக்கு முக்கியமானது. சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி ஜார்ஜ் டவுன் நெரிசலை விட்டு இங்கே காட்டுக்கும் மரத்துக்கும் நடுவே குடியேறியது அந்த ஆண்டில்தான். அதே ஆண்டில் அமெரிக்காவின் கொலராடோ சர்வகலாசாலைக் குழுவின் பட்டியலில் பைரன் ஒயிட் என்று ஒரு பெயர் இருந்தது. அவர்கள் கால்பந்து என்பது நம்முடைய ஆட்டமன்று. முட்டைபோல் நீண்ட பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு ஓடுவதே அதில் பெரும்பாகம். காலுக்கு வேலை குறைவாயிருக்க, அதற்கு ஏன் அந்தப் பெயர் வைத்தார்களோ!

ஒயிட் பிறந்தது 1917-ல். வளர்ந்தது வெலிங்டன் என்ற சிற்றூரில். சர்க்கரைக் கிழங்கு விளைகிற சீமை அது. சிறு வயதிலேயே அந்த வயல்களில் கூலிக்கு வேலை செய்தவர். 1937-ல் அவர் ஓடிய ஓட்டத்தால் அவருடைய குழு அந்த ஆண்டு வழக்கமான பந்தயங்களில் ஒன்றிலும் தோற்கவில்லை. 1938 ஜனவரி முதல் தேதி நடந்த பெரிய பந்தயத்தில்தான் ரைஸ் என்ற கல்லூரியிடம் 28-க்கு 14 என்று தோற்றது. நாட்டிலேயே சிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்குக் கொடுக்கும் பரிசுக்கு ஒயிட் இரண்டாமவராக வந்தார். பத்திரிகைக்காரர் ஒருவர் அவருக்கு "விஸ்ஸர்" என்று பட்டப்பெயர் வைத்தார். விர்ரென்று பறக்கிறவன் என்று வைத்துக்கொள்ளலாம். ஊர் முழுதும் அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டது. ஆண்டுக்கு 15,800 டாலர் சம்பளத்தில் பிட்ஸ்பர்க் நகரத்துத் தொழில்முறைக் குழு அவரை எடுத்துக்கொண்டது. அந்நாளில் அந்த ஆட்டத்தில் அவ்வளவு சம்பளம் வேறு எவருக்கும் இல்லை.

ஆனால் அவர் வகுப்பிலும் முதல் மாணாக்கர். ஆட்டத்தை நிறுத்தி வைத்துவிட்டு 1939-ல் ஆக்ஸ்போர்டுக்குப் படிக்கப் போனார். யுத்தம் மூண்டதால் திரும்பி வந்து சட்டம் படித்தார். படிப்புச் செலவுக்கு இரண்டு பருவம் மறுபடியும் ஆடினார். கடற்படையில் சேவை செய்தார். பிறகு வக்கீலானார். 1961-ல் அரசாங்கச் சட்ட இலாகாவில் இரண்டாம் ஸ்தானத்தில் இருந்தபோது, நிற பேதத்தை எதிர்த்துப் பேருந்தில் பிரயாணம் செய்தவர்களை அலபாமா நாட்டில் கும்பல்கள் அடித்து நொறுக்கின. அவர்களைக் காக்க அனுப்பப்பட்ட காவலர்களை நேரில் போய் நடத்தியவர் அவரே. அடுத்த ஆண்டு, கத்தோலிக்கரான ஜனாதிபதி கென்னடி அவரை நாட்டின் உச்ச நீதிமன்றத்துக்கு நியமித்தார். வயது நாற்பத்துநான்கு.

நியமனத்தின்போது செய்தித்தாள்கள் எதை எடுத்துப் போட்டன தெரியுமா? "விஸ்ஸர்" என்ற பழைய பட்டத்தைத்தான். அவருக்கோ அந்தப் பெயர் வேம்பு. ஓர் உணவுச்சாலையில் பரிமாறுகிற பெண் அவரை உற்றுப் பார்த்து, நீங்கள் விஸ்ஸர் ஒயிட்தானே என்று கேட்க, முன்பு அப்படி இருந்தேன் என்று மட்டும் சொல்லிவிட்டாராம். இதை அந்நாட்டில் இன்றும் சொல்லிச் சிரிப்பார்கள். எனக்குச் சிரிப்பு வருவதில்லை. முப்பத்தொரு வருஷம் அந்த ஆசனத்தில் இருந்து ஆயிரக்கணக்கான வழக்கு கேட்ட மனிதனை, இருபது வயதில் ஓடிய ஓட்டத்தை வைத்தே பார்க்கிறார்கள் என்றால், அவர் அதன்பின் செய்த உழைப்பெல்லாம் எங்கே போயிற்று? அவர் இன்னதைத் தீர்ப்பார் என்று முன்கூட்டியே எதிர்பார்த்தவர்களும் ஏமாந்தார்கள். 1973-ல், கருவிலுள்ள குழந்தையை அழிப்பதை உரிமையாக்கிய தீர்ப்பை எதிர்த்து எழுதிய நீதிபதிகள் இருவரே. அவர்களில் ஒயிட் ஒருவர். அந்தத் தீர்ப்பு 2022-ல் தள்ளுபடியாயிற்று. அதைக் காண அவர் உயிரோடில்லை, 2002-லேயே காலமானார்.

ஆக, நல்ல பெயரும் ஒரு மனிதனுக்கு விலங்காகலாம். நம் வீடுகளில் "வகுப்பில் எப்போதும் முதல்" என்று பெயரெடுத்த பிள்ளை ஒரு வருஷம் பின்தங்கினால் அதன் முகம் எப்படியாகிறது என்று பெற்றோருக்குத் தெரியும்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். தாம்பரத்திலிருந்து கடற்கரைக்கு ரெயிலேறிக் கோட்டை ஸ்டேஷனில் இறங்கினால், எதிரே சிவப்புக் கட்டடமாக உயர் நீதிமன்றம். அங்கே சர் டி. முத்துசாமி ஐயருக்குச் சிலை வைத்திருக்கிறார்கள். இவருக்கு வாலிபத்தில் கிடைத்த பெயர் ஒயிட்டுக்குக் கிடைத்ததற்கு நேர் எதிர். யாரும் கேள்விப்படாத பெயர். 1832-ல் தஞ்சைச் சீமையில் உச்சுவாடி என்ற கிராமத்தில் பிறந்தவர். தகப்பனார் போய்விட்டபடியால், பள்ளியில் இருக்க வேண்டிய வயதில் கிராமக் கணக்கரிடம் மாதம் ஒரு ரூபாய்க்கு வேலைக்குப் போனார். ஆற்றங்கரை உடைப்பு ஒன்றைப் பற்றி அவசரமாகத் தெரிய வேண்டியிருந்தபோது இந்தச் சிறுவனைத் தாசில்தார் அனுப்பிப் பார்த்தார் என்றும், அவன் ஓடிப்போய் அளவு முதற்கொண்டு விசாரித்து வந்து சொன்னான் என்றும், தாசில்தாருக்கு முதலில் நம்பிக்கை வராமல், பிறகு விசாரித்ததில் எல்லாம் சரியாயிருந்தது என்றும் அவர் சரித்திரத்தை எழுதினவர்கள் சொல்லுகிறார்கள். அந்தத் தாசில்தாரை நான் அடிக்கடி நினைப்பதுண்டு. ஒரு ரூபாய்ப் பையன் என்று எண்ணாமல், சொன்னது சரியா என்று மட்டும் பார்த்தாரே! அவர் உதவியால் பையன் சென்னையில் வந்து படித்தான்.

தரங்கம்பாடியில் முன்சீபாகத் தொடங்கி, இருபது வருஷத்துக்கு மேல் ஊர் ஊராகச் சிறு உத்தியோகம், பெரிய உத்தியோகம் எல்லாம் பார்த்தபின், உயர் நீதிமன்ற நீதிபதியாகச் சென்னையில் அமர்ந்த முதல் இந்தியர் அவர். உடனே ஆங்கிலேயர் நடத்திய பத்திரிகைகள் பாய்ந்தன. அந்த இருபது வருஷத்துத் தீர்ப்புகளை எடுத்து வைத்து, இன்னது தவறு, இன்னது சரி என்று சொல்லியிருந்தால் நியாயம். அவர்களுக்குப் பெரிதாய்த் தோன்றியது அவர் இன்ன தேசத்தார் என்பதே. ஆள் பேர் தெரிந்தால் போதும், வேலையைப் பார்க்க வேண்டாம் என்கிற நீதி அது.

அதைப் பொறுக்காமல் திருவல்லிக்கேணி வாலிபர் அறுவர் கூடினார்கள். இரண்டு பேர் உபாத்தியாயர்கள், நான்கு பேர் சட்ட மாணாக்கர்கள். ஜி. சுப்பிரமணிய ஐயரும் எம். வீரராகவாச்சாரியாரும் முன்னின்றார்கள். ஒன்றே முக்கால் ரூபாய் கடன் வாங்கி, 80 பிரதி அச்சடித்து, 1878 செப்டம்பர் 20-ந் தேதி ஒரு வாரப் பத்திரிகை தொடங்கினார்கள். அதுதான் "ஹிந்து". ஒரு நீதிபதிக்கு நியாயமான பெயர் கிடைக்க வேண்டும் என்று பிறந்த பத்திரிகை இன்னும் நடக்கிறது. முத்துசாமி ஐயர் 1893-ல் பிரதம நீதிபதியின் ஸ்தானத்தில் தற்காலிகமாக அமர்ந்தார். 1895-ல் இறந்தார்.

அவர் கையாண்ட சட்டங்களில் ஒன்று என் கேள்விக்கு நேரே பேசுகிறது. 1872-ம் வருஷத்து இந்தியச் சாட்சியச் சட்டத்தில் 54-வது பிரிவு அது. கிரிமினல் வழக்கில் கூண்டில் நிற்கிறவன் பொல்லாதவன் என்று ஊரார் பேசுவதைச் சாட்சியாக எடுக்கக்கூடாது. தான் நல்லவன் என்று அவனே சாட்சி கொண்டுவந்தால் மட்டும் அதற்கு மறுப்பாக எடுக்கலாம். 2024 ஜூலை முதல் தேதி நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்திலும் இந்த விதி அப்படியே இருக்கிறது. முந்தைய தண்டனையைச் சில இடங்களில் கணக்கில் எடுப்பதுண்டு. ஆனால் இவன் முன்பு ஒருமுறை எடுத்தவன், ஆகையால் இப்போதும் இவனே எடுத்திருப்பான் என்கிற வாதத்துக்குக் கோர்ட்டின் வாசல் மூடியிருக்கிறது. சர்க்காரின் சட்டமே இவ்வளவு ஜாக்கிரதையாயிருக்கிறது. நாமோ டீக்கடை பெஞ்சியில் உட்கார்ந்து ஒரு கண்ணாடி டீ ஆறுவதற்குள் தீர்ப்புச் சொல்லி முடித்துவிடுகிறோம். இப்போது கைப்பேசி வந்தபின் டீ ஆற வேண்டியதுமில்லை.

கோயில் சட்டம் இன்னும் கடினமானது. எட்டாம் கற்பனை பொய்யை மாத்திரம் விலக்குகிறது என்று நம்மில் பலர் எண்ணிக்கொண்டிருக்கிறோம். பாவசங்கீர்த்தனத்தில் "பொய் சொன்னேன்" என்கிறவர் பலர். "உண்மையைச் சொல்லி ஒருவன் பெயரைக் கெடுத்தேன்" என்கிறவர் எத்தனை பேர்? இல்லாததைச் சொல்வது அவதூறு. உள்ளதையே தக்க காரணமில்லாமல் எடுத்துச் சொல்வதும் அந்தக் கற்பனைக்கு விரோதம் என்றே திருச்சபை போதிக்கிறது. மனிதனுடைய நற்பெயர் அவனுடைய உடைமை. திருடினவன் திருடின பொருளைத் திருப்பிக் கொடுக்கக் கடமைப்பட்டதுபோல, பெயரைக் கெடுத்தவனும் தன்னாலானமட்டும் அதைத் திருப்பிக் கொடுக்கக் கடமைப்பட்டவன். இந்தக் கணக்கில் பார்த்தால் எங்கள் பட்டியல் விஷயத்தில் பையன் எடுத்ததைக் கொடுத்துவிட்டான். எடுத்துவிட்டுக் கொடுக்காமலிருந்தவன் நான்.

அர்ச். தோமாஸ் அக்குவீனாஸ் தமது பெரிய நூலில் நீதி என்ற புண்ணியத்தைப் பற்றி எழுதுமிடத்தில் இதை அலசுகிறார். சந்தேகமாயிருக்கிற விஷயத்தில் பிறனைப் பற்றி நல்லதாகவே கொள்ள வேண்டும் என்பது அவர் முடிவு. அப்படிச் செய்தால் அடிக்கடி ஏமாந்து போவோமே என்று ஒருவன் கேட்டால்? ஏமாந்தாலும் பாதகமில்லை, ஒரு கெட்டவனைப் பலமுறை நல்லவனென்று எண்ணித் தவறுவது, ஒரு நல்லவனை எப்போதாவது கெட்டவனென்று எண்ணித் தவறுவதைவிட மேல் என்கிறார். இதைப் படித்தபோது, இவ்வளவு கூர்மையான புத்திமான் இவ்வளவு வெள்ளையாக எழுதலாமா என்று முதலில் எனக்குத் தோன்றியது. ஆனால் அவர் அதோடு நிற்கவில்லை. ஒரு தீமைக்குப் பரிகாரம் தேடுகிறபோது மோசமானது நடக்கலாம் என்று வைத்துக்கொண்டே பரிகாரம் செய்வது நல்லது, அது வேறு, மனிதன் மேல் தீர்ப்புச் சொல்வது வேறு என்றும் பிரித்துக் காட்டுகிறார்.

இந்தப் பிரிவினை எனக்குப் பெரிய உபகாரமாயிற்று. பெட்டிக்குப் பூட்டுப் போடுவது யாரையும் திருடன் என்று சொல்வதாகாது. பூட்டு எல்லாருக்கும் பொது. பட்டியலில் ஒரு பெயரை அடிப்பதோ ஒருவனுக்கு மட்டும் போடுகிற பூட்டு. நான் செய்திருக்க வேண்டியது முதலாவது, செய்தது இரண்டாவது.

"அப்படியானால் பழையதை எதுவும் கேட்கக்கூடாதா? பெண்ணைக் கொடுக்கிறவன் விசாரிக்க வேண்டாமா?" என்று கேட்பீர்கள். விசாரிக்கலாம், கேட்க உரிமையுள்ளவருக்கு உள்ளதைச் சொல்வது குற்றமன்று. அதிலும் ஒன்றை ஒளிவில்லாமல் சொல்ல வேண்டும். சிறுபிள்ளைகளுக்குத் தீங்கு செய்கிறவன் விஷயத்தில், அவன் யாராயிருந்தாலும், எவ்வளவு பெரிய ஸ்தானத்தில் இருந்தாலும், "பெயர் கெடுமே" என்று வாயை மூடிக்கொள்வது புண்ணியமல்ல. திருச்சபைக்குள்ளேயே அப்படி மூடி வைத்ததால் எத்தனை குழந்தைகள் கெட்டார்கள் என்று நாம் கேட்டுத் தலைகுனிந்திருக்கிறோம். அங்கே சொல்ல வேண்டும், சொல்ல வேண்டியவரிடம், போலீஸ் உட்பட, உடனே சொல்ல வேண்டும். பதின்மூன்று வயதுப் பையன் எடுத்துத் திருப்பிக் கொடுத்த காசு அந்த ரகத்தைச் சேர்ந்ததல்ல. இரண்டையும் ஒரே தராசில் போட்டுப் பார்க்கிறவர்களும் உண்டு, ஆகையால் எழுதினேன்.

கடைசியாக இன்னொரு பட்டியல். நமது ஆண்டவர் தெரிந்தெடுத்த பன்னிருவரின் பெயர்கள் சுவிசேஷங்களில் மூன்று இடத்திலும் அப்போஸ்தலர் நடபடிகளில் ஒருமுறையும் வருகின்றன. நாலு இடத்திலும் முதற்பெயர் இராயப்பருடையது. அவர் மும்முறை மறுதலித்ததை நான்கு சுவிசேஷகரும் மறைக்காமல் எழுதியிருக்கிறார்கள். ஆனாலும் பட்டியலில் அவர் பெயருக்குப் பக்கத்தில் "மறுதலித்தவர்" என்ற சொல் ஓரிடத்திலும் இல்லை. நடந்ததைச் சரித்திரத்தில் எழுதினார்கள்; பெயரோடு சேர்த்துக் கட்டவில்லை.

இன்னொன்றைப் பாருங்கள். மாற்கும் லூக்காஸும் எழுதிய பட்டியல்களில் மத்தேயு வெறும் மத்தேயுதான். அவருடைய பழைய தொழிலை அங்கே சொல்லவில்லை. யூத ஜனங்கள் ரோமருடைய ஆயக்காரரைப் பாவிகளோடு ஒன்றாக வைத்து எண்ணிய காலம் அது. சகோதரர்கள் அவர்மேல் இரங்கி விட்டுவிட்டார்கள் போலும். ஒரே ஒரு பட்டியலில் மட்டும் அவர் "ஆயக்காரன்" என்று இருக்கிறது. எந்தப் பட்டியலில்? மத்தேயுவின் சுவிசேஷத்தில்!

அந்தச் சுவிசேஷத்தை அவரே எழுதினார் என்பது ஆதி முதல் திருச்சபையில் வழங்கி வருகிற பாரம்பரியம். பிறர் சொல்லாமல் விட்டதைத் தாமே எழுதி வைத்தார். ஒயிட் தமக்கிருந்த புகழைத் தாமே கழற்றி வைத்தார். மத்தேயு தமக்கிருந்த இகழ்ச்சியைத் தாமே எடுத்து அணிந்துகொண்டார். இரண்டிலும் தீர்மானித்தவர் அந்தப் பெயருக்குரியவர். மத்தேயு சொன்னால் அது தாழ்ச்சி. அதே சொல்லை மாற்கு சொல்லியிருந்தால் அதற்கு வேறு பெயர் வைக்க வேண்டியிருந்திருக்கும். "எழுதுங்க சார், பேர் மட்டும் வேண்டாம்" என்று பையன் சொன்னபோது, எவ்வளவு சொல்லலாம் என்று அளந்து கொடுத்தவன் அவன்தான். எனக்கு அந்த அளவுகோல் இருந்ததில்லை.

அந்தத் தாயிடம் மறுபடி போனேன். எந்த வருஷத்தோடு முடியும் என்று கேட்டீர்களே, அது நாலு வருஷத்துக்கு முன்பே, சுவாமியார் அறையில், முடிந்துவிட்டது அம்மா, எனக்குத்தான் இப்போது தெரிந்தது என்று சொன்னேன். அவள் உள்ளே போய்க் காப்பி கொண்டுவந்தாள். பட்டியலைப் பற்றி இருவரும் பேசவில்லை.

மெழுகுதிரிப் பெட்டிக்கு இந்த மாதம் முதல் இரண்டு சாவி. ஒன்று சுவாமியாரிடமும் ஒன்று பங்குப் பேரவைப் பொருளாளரிடமும் இருக்கும். இருவரும் இருந்தாலொழியத் திறக்கப்படாது. அடுத்த ஆட்டத்துக்கான பட்டியல் வருகிற ஞாயிறு இரண்டாம் பூசைக்குப் பின் பலகையில் ஒட்டப்படும். பெயர்கள் அகர வரிசையில் இருக்கும். ஆட்டம் மாலை நாலரை மணிக்கு. பெற்றோர்களும் வந்து பார்க்கலாம்.